அதிவேக இணையமும் உள்ளூராட்சி மன்றங்களின் கடமையும்

ஓர் ஊர் ஊராக நின்று வாழ்வதற்கு வேண்டுவன யாவை என வினவின், நல்ல வீதி, குடிநீர், பள்ளிக்கூடம், மருந்துச்சாலை, சந்தை, நூல்நிலையம் என நம் முன்னோர் நிரல்படுத்துவர். இவற்றுட் பல தனியொருவர் முயற்சியால் அமைந்தன அல்ல. ஊரவர் ஒன்றுகூடித் தமக்கென ஒரு மன்றத்தை அமைத்து, வரியிறுத்து, ஆக்கிக்கொண்டனவே பெரும்பாலன. இந்நிரலிலே அண்மைக்காலத்தில் ஒரு பொருள் புதிதாக இடங்கேட்டு நிற்கின்றது. அதுவே அதிவேக இணையம். இதனைத் தம் ஊரவர்க்குப் பெற்றுக்கொடுத்தலை உள்ளூராட்சி மன்றங்கள் தம் கடமைகளுள் ஒன்றாக ஏற்றல் வேண்டுமா? அன்றி, வணிக நிறுவனங்களின் விருப்பத்திற்கு விட்டுவிடுதல் அமையுமா? இவ்வினாவை எம் சாம்பல்தீவை மனத்திற்கொண்டு ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் பொருளின் இயல்பை விளங்கிக்கொள்ளல் நன்று. இணையம் நம்மை வந்தடையும் வழிகள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஒளியிழை, மற்றையது வானலை. தலைமயிரையொத்த மெல்லிய கண்ணாடி இழையினூடே ஒளியைச் செலுத்திச் செய்தியை நெடுந்தூரம் அனுப்ப இயலும் என்பதை 1966 ஆம் ஆண்டில் சார்ள்ஸ் காவோ என்னும் அறிஞர் தம் உடனாய்வாளர் ஹொக்கம் என்பாருடன் எடுத்துக்காட்டினார். அதன் பொருட்டுக் காவோவுக்கு 2009 இல் பௌதிகத்திற்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. இன்று கண்டங்களை இணைக்கும் கடலடிக் கம்பிகளும் நகரங்களை இணைக்கும் நிலத்தடிக் கம்பிகளும் இவ்விழையாலாயவையே. கைத்தொலைபேசியோ அருகிலுள்ள கோபுரத்தின் வானலையைப் பயன்படுத்துகின்றது. அவ்வலை, கோபுரத்தைச் சூழ்ந்துள்ள அனைவரும் பங்கிட்டுக்கொள்ளும் பொதுச்சொத்து. ஒரே குழாய்க்கிணற்றில் மாலைவேளையில் ஊரவர் அனைவரும் குடத்தோடு வந்து நிற்பின் ஒவ்வொருவர்க்கும் கிடைக்கும் நீர் குறைவதுபோல, பலர் ஒருங்கே நாடும் நேரத்தில் வானலையின் வேகமும் குறைகின்றது. ஒளியிழையின் கொள்ளளவு இதனினும் பன்மடங்கு பெரிது.

'அதிவேகம்' என்பதற்கும் நிலையான அளவு இல்லை. ஐக்கிய அமெரிக்காவின் தொடர்பாடல் ஆணைக்குழு 2015 இல் நொடிக்கு 25 மெகாபிட் கொண்ட இணைப்பையே அதிவேகமானது எனக் கொண்டது; 2024 இல் அவ்வளவை 100 ஆக உயர்த்திற்று. நேற்று ஆடம்பரமாயிருந்தது இன்று அடிப்படைத் தேவையாகின்றது என்பதற்கு இதுவே சான்று.

இலங்கைக்கு வரும் முதன்மையான கடலடிக் கம்பிகள் கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய மேற்கு, தெற்குக் கரைகளிலேயே ஏறுகின்றன. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றெனப் புகழ்பெற்ற திருகோணமலைக்கு, கப்பல் கடல்வழி வரினும் இணையம் தரைவழியாகவே வந்துசேர்கின்றது. நகரிலிருந்து நிலாவெளி நோக்கிச் செல்லும் வீதியில் உப்புவெளியைக் கடந்ததும் எதிர்ப்படும் சாம்பல்தீவு, சல்லி முதலிய கிராமங்கள் இவ்வழியின் கடைக்கோடியில் உள்ளன. வாய்க்காலின் கடைமடைக்கு நீர் பாய்தல் எத்துணை அரிது என்பதைக் கமக்காரர்க்கு யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

கடைமடைக்கு நீர் ஏன் வரவில்லை என்பதற்குப் பொருளியல் காரணம் ஒன்றுண்டு. ஒளியிழை பதித்தலில் பெருஞ்செலவு இழைக்காக ஆவதன்று; வீதியை வெட்டுதல், குழாய் பதித்தல், கம்பம் நாட்டுதல், மீண்டும் மூடிச் செப்பனிடுதல் ஆகிய வேலைகளுக்கே ஆவது. ஒரு கிலோமீற்றர் வீதியில் இருநூறு வீடுகள் இருப்பினும் இருபது வீடுகள் இருப்பினும் அச்செலவு ஏறத்தாழ ஒன்றே. ஆதலின் இலாபத்தை நாடும் நிறுவனம் நகரின் நெருக்கமான தெருக்களையும் உல்லாச விடுதிகளையும் முதலில் நாடுதல் இயல்பு. அதனைக் குறைகூறுதல் பொருந்தாது. வணிகத்தின் அறம் அதுவே. ஆனால் ஓர் ஊருக்கு இணையத்தால் விளையும் நன்மை முழுவதும் அந்நிறுவனத்தின் கணக்கேட்டில் வரவாகப் பதிவதில்லை. ஒரு மாணவி பல்கலைக்கழகம் புகுவதும், நோயாளி ஒருவர் நகருக்கு இருமுறை அலையாது தப்புவதும், கடற்றொழிலாளி காற்றின் போக்கை அறிந்து கரையில் தங்குவதும் ஊருக்கு வரவு, நிறுவனத்துக்கு வரவல்ல. இவ்விரு கணக்குகளுக்கும் இடையே உள்ள இடைவெளியே பொதுமன்றம் ஒன்று தலையிடுதற்குரிய இடம்.

கல்வித்துறையில் இவ்விடைவெளி எத்துணைப் பெரிது என்பதை 2020, 2021 ஆம் ஆண்டுகளில் நாடு முழுவதும் கண்டோம். பெருந்தொற்றினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது பாடங்கள் இணையவழி நடத்தப்பட்டன. பதுளை மாவட்டத்துப் போஹிட்டியாவ என்னும் கிராமத்தில் மாணவரும் ஆசிரியரும் காட்டுவழியே ஏறி, மலைப்பாறை மீதும் மரத்தின் மீதும் அமர்ந்து அலைவரிசையைத் தேடிய செய்தி 2021 இல் உலகெங்கும் வெளியாயிற்று. அது ஓர் ஊரின் கதை மட்டுமன்று. இன்று பொதுப் பரீட்சைக்கு விண்ணப்பித்தலும், பெறுபேறு அறிதலும், பல்கலைக்கழக அனுமதிக்கு விண்ணப்பித்தலும் இணையத்தின் வழியே நிகழ்கின்றன. கல்வியமைச்சின் 'ஈ-தக்சலாவ' என்னும் பாடத்தளமும் அங்கேயே உள்ளது. பாடக்குறிப்புகளைக் கடன்வாங்கிப் படியெடுத்து வெளிவாரியாகப் பட்டம் பெற்ற என் போன்றார்க்கு, ஒரு நல்ல இணைப்பு தொலைவிலுள்ள மாணவனுக்கு எத்துணை ஆண்டுகளை மீட்டுக்கொடுக்கும் என்பது நன்கு விளங்கும். கல்வி இலவசம் என்பது நம் நாட்டின் பெருமை. அக்கல்வியை அடையும் வாயில் பணமுள்ளோர்க்கு மட்டும் திறந்திருப்பின் அப்பெருமை குறைவுபடும்.

இனி, சட்டம் யாது கூறுகின்றது என நோக்குவோம். 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம், பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள் ஆகியவற்றையும் மக்களின் வசதியையும் நலத்தையும் பேணும் பொறுப்பைப் பிரதேச சபையிடம் ஒப்படைக்கின்றது. ஆயின் அதே ஆண்டில் நிறைவேறிய அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தம் தொலைத்தொடர்பை மத்திய அரசுக்குரிய ஒதுக்கிய நிரலிலே வைத்தது. 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி உரிமம் இன்றி எவரும் தொலைத்தொடர்பு முறைமையை நடத்துதல் இயலாது. ஆகவே பிரதேச சபை ஒன்று தானே இணையத்தை விற்கும் கம்பனியாக மாறுதல் எளிதன்று. ஆனால் கம்பி செல்லும் உள்ளூர் வீதி சபையினுடையது, வீதியை வெட்ட வேண்டுவது சபையின் அனுமதி, நூல்நிலையம் சபையினுடையது. இவை சிறிய அதிகாரங்கள் அல்ல.

சட்டம் இடங்கொடுப்பினும் சபை கம்பனியாதல் விரும்பத்தக்கதா என்பது வேறு வினா. இதற்கு நம் நாட்டு மின்சார வரலாறே விடைபகரும். முற்காலத்தில் மாநகர சபைகளும் பட்டின சபைகளும் மின்சாரத்தைத் தாமே மக்களுக்கு விநியோகித்து வந்தன. தொடக்கத்தில் அது ஊருக்கு ஒளியூட்டிய நற்பணியே. காலப்போக்கில் கட்டணமாக வந்த பணம் வேறு செலவுகளுக்குச் சென்றது; கம்பிகள் பழுதடைந்தன; மின்னிழப்பு மிகுந்தது; மின்சார சபைக்குக் கடன் பெருகிற்று. இந்நிலையைச் சீர்செய்யும் பொருட்டு 1983 இல் லங்கா மின்சாரக் கம்பனி நிறுவப்பட்டு, மேற்கு, தென்மேற்குக் கரையோரத்து உள்ளூராட்சி மன்றங்கள் பலவற்றின் விநியோகம் அதனிடம் மாற்றப்பட்டது. தொடங்குதற்கு ஆர்வம் போதும். தொடர்ந்து பேணுதற்குத் தனிக்கணக்கும் தொழில்நுட்ப அறிவும் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

பிறநாட்டு அனுபவமும் இதனையே வலியுறுத்துகின்றது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துப் புரோவோ நகரம் 2004 இல் ஏறத்தாழ 3.9 கோடி டொலர் கடன்பெற்றுத் தன் சொந்த ஒளியிழை வலையமைப்பை ஆக்கத் தொடங்கியது. அது நட்டத்தில் இயங்கி, ஈற்றில் 2013 இல் கூகிள் நிறுவனத்துக்கு ஒரு டொலருக்கு விற்கப்பட்டது. கடனை மட்டும் நகர மக்கள் தொடர்ந்து இறுத்து வந்தனர். அதே நாட்டில் டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரமோ 2010 இல் நகர் முழுவதற்கும் நொடிக்கு ஆயிரம் மெகாபிட் வேகத்தை வழங்கி வெற்றிகண்டது. வேறுபாடு யாது? சட்டனூகாவில் 1935 இல் நிறுவப்பட்ட நகர மின்வாரியம் ஏற்கனவே கம்பங்களையும் பணியாளரையும் வாடிக்கையாளரையும் உடையதாயிருந்தது. மத்திய அரசும் 11 கோடி டொலருக்கு மேல் மானியம் வழங்கிற்று. இவ்விரண்டும் எம் பிரதேச சபையிடம் இல்லை.

மூன்றாவது வழியொன்றைச் சுவீடனின் தலைநகரான ஸ்டொக்ஹோம் காட்டிற்று. அந்நகரம் 1994 இல் தனக்குரிய கம்பனி ஒன்றை நிறுவி, நகரெங்கும் ஒளியிழையைப் பதித்தது. ஆனால் அக்கம்பனி எவ்வீட்டுக்கும் இணையத்தை விற்பதில்லை. இழையை மட்டும் எல்லா நிறுவனங்களுக்கும் வாடகைக்கு விடுகின்றது. நிறுவனங்கள் அப்பொது வழியின்மேல் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன. பாதை பொது, அதில் ஓடும் வண்டிகள் பலருடையவை.

அண்டை நாடான இந்தியாவிலிருந்தும் கற்கவேண்டியன உள. இந்திய அரசு 2011 இல் ஏற்றுக்கொண்ட, பின்னர் 'பாரத்நெற்' எனப் பெயர்பெற்ற திட்டம் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் கிராம ஊராட்சிகளுக்கு ஒளியிழையைக் கொண்டுசெல்ல முனைந்தது. பல ஊராட்சி அலுவலகங்களுக்குக் கம்பி வந்தது. ஆயின் அங்கிருந்து வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் செல்லாது, சில இடங்களில் பயன்பாடின்றியே கிடந்தது. மேலிருந்து வந்த கம்பியை ஏற்றுப் பயன்படுத்தும் ஆற்றல் ஊர்மன்றத்தில் வளர்க்கப்படாமையே இதற்கு ஒரு காரணம் எனலாம். கேரள அரசு 2023 யூன் 5 ஆம் நாள் தொடக்கிவைத்த 'கே-போன்' திட்டம், மின்வாரியத்தின் கம்பங்களையே கம்பி செல்லும் வழியாக்கிச் செலவைக் குறைத்தது. இருபது இலட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் குறிக்கோள். முதற்கட்டமாகத் தொகுதிக்கு 100 ஆக 14,000 குடும்பங்களே தெரிவு செய்யப்பட்டன. குறிக்கோளுக்கும் நடைமுறைக்கும் உள்ள தூரத்தை இவ்வெண்கள் உணர்த்துகின்றன.

கடற்கரைவாழ் மக்களாகிய எமக்கு இன்னும் அணிமையான எடுத்துக்காட்டு புதுச்சேரியில் உண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் 1998 இல் அங்கே கிராம அறிவு மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் என்னும் மீனவக் கிராமத்தில், கடலலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து பெற்று, ஒலிபெருக்கி வாயிலாக ஊர் முழுவதற்கும் நாள்தோறும் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது நல்லவாடு என்னும் ஊருக்குச் சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் எச்சரிக்கை வந்தது. அதனை அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் முழங்கவே மக்கள் கரையை விட்டு அகன்றனர். இங்கே உயிர்காத்தது கருவி மட்டுமன்று. செய்தியைப் பெற்று ஊரவர்க்குச் சேர்ப்பிக்கும் பொது நிலையம் ஒன்று முன்னரே அமைந்திருந்தமையே. 1964 இன் சூறாவளியையும், 2004 இன் பேரலையையும், 2020 டிசம்பரில் எம் மாவட்டக் கரையைக் கடந்த 'புரெவி'யையும் கண்ட நாம் இதனை எளிதில் மறத்தல் ஆகாது.

நம் நாட்டிலும் இத்தகைய பொது நிலையங்கள் தோன்றாமலில்லை. 'நெனசல' என்னும் பெயரால் நூல்நிலையங்களிலும் சமயத்தலங்களிலும் பிறவிடங்களிலும் நூற்றுக்கணக்கான இணைய நிலையங்கள் அமைக்கப்பட்டன. இத்திட்டத்துக்கு 2014 இல் பில், மெலிண்டா கேற்ஸ் அறக்கட்டளையின் பத்து இலட்சம் டொலர் பரிசு கிடைத்தது. ஆயினும் கணினி பழுதடைந்தால் திருத்துவார் யார், பொறுப்பாளரின் வேதனத்தைக் கொடுப்பார் யார், மாதாந்தக் கட்டணத்தைச் செலுத்துவார் யார் என்னும் வினாக்களுக்கு ஊரிலேயே விடை இருந்தாலன்றி இத்தகைய நிலையங்கள் நிலைத்து வாழா.

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகின்றது. அது தமிழர்க்குப் புதியதன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து, கி. பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள் ஊர்ச்சபையின் வாரியங்களைப் பற்றிக் கூறுகின்றன. அவற்றுள் ஏரி வாரியம் ஒன்று. ஏரி வாரியத்தார் எவருடைய வயலையும் உழவில்லை. எவருடைய நெல்லையும் விற்கவில்லை. ஏரியைக் காத்தலே அவர்தம் கடமை. கணக்குக் காட்டாது ஒழிந்தவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெறுதற்குத் தகுதியற்றவர் என்றும் அக்கல்வெட்டு விதிக்கின்றது. ஏரி பொது, வயல் தனியாருடையது, கணக்கு யாவர்க்கும் வெளிப்படை என்னும் இம்மூன்று நெறிகளையும் இணையத்துக்குப் பொருத்துவோமாயின் நம் வினாவுக்கு விடை கிடைத்துவிடும். உள்ளூராட்சி மன்றம் அதிவேக இணையத்தை நாடுதல் கடமையே. ஆயின் கடைக்காரனாக அன்று, வாய்க்காலைக் காப்பவனாக நாடுதல் வேண்டும்.

இதன்படி எமது திருகோணமலைப் பட்டினமும் சூழலும் பிரதேச சபை போன்ற ஒரு மன்றம் செய்யத்தக்கன யாவை?

முதலாவது, வீதி. ஓர் ஒழுங்கைக்குக் கொங்கிறீற்று இடும்போதே வெற்றுக்குழாய் ஒன்றையும் ஓரத்திற் பதித்துவிடின், பின்னர் எந்நிறுவனம் வரினும் வீதியை மீண்டும் வெட்ட வேண்டுவதில்லை. குழாயை எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே வாடகைக்குக் கொடுக்கலாம். அவ்வருமானம் சபைக்குச் சேரும்.

இரண்டாவது, நூல்நிலையம். ஒவ்வொரு பொது நூல்நிலையத்திலும் நல்ல இணைப்பும், மாணவர் அமர்ந்து பயிலும் இடமும், பரீட்சைக் காலத்தில் இரவு எட்டு மணிவரை திறந்திருக்கும் ஒழுங்கும் அமைதல் வேண்டும். வீட்டில் இணைப்புப் பெற வசதியற்ற பிள்ளைக்கு இதுவே சமவாய்ப்பு.

மூன்றாவது, கூட்டுக் கோரிக்கை. பள்ளிக்கூடம், மருந்துச்சாலை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கம், ஆலய பரிபாலன சபை, நூல்நிலையம் ஆகியன தனித்தனியே நிறுவனத்தின் கதவைத் தட்டுவதினும், அவற்றின் தேவைகளையெல்லாம் சபை ஒன்றாகத் திரட்டி, அயலிலுள்ள குச்சவெளிப் பிரதேச சபையோடும் கூடிக் கேட்குமாயின், ஒரு வீதிக்குக் கம்பி இழுக்கப் போதிய வருமானம் உண்டு என்பதை நிறுவனத்துக்கு எடுத்துக்காட்டலாம். அனுமதி வழங்கும்போது ஒழுங்கைகளுக்கும் இணைப்புக் கொடுத்தல் வேண்டும் என வேண்டுவதற்கும் அப்போது வலுவுண்டாம்.

நான்காவது, கணக்கு. குழாய் வாடகையும் நூல்நிலையச் செலவும் தனிக்கணக்கில் வைக்கப்பட்டு, ஆண்டுதோறும் ஊரறிய வெளியிடப்படல் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் உள்ளூராட்சி மன்றங்களையும் கட்டுப்படுத்துவது. வரியிறுப்பாளர் கேட்டறியும் உரிமையுடையர்.

இதற்கு எழும் தடைகளையும் மறைக்காது நோக்குதல் முறை. கைத்தொலைபேசி இருக்க ஒளியிழை எதற்கு என்பர் சிலர். 2025 இல் இலங்கையில் சேவை தொடங்கிய 'ஸ்டார்லிங்' வான்வழியே எங்கும் இணையம் தருமே என்பர் வேறு சிலர். முன்னதன் குறையை மேலே கண்டோம். பின்னது தனித்தீவுக்கும் இடர்க்காலத்துக்கும் பெருந்துணை. ஆயின் அதன் கருவிக்கும் மாதக் கட்டணத்துக்கும் ஆகும் செலவு சாதாரண மீனவக் குடும்பத்தின் கைக்கு எட்டுவதன்று.

இளைஞர் வீண்பொழுது போக்குதற்கே இணையம் உதவும் என்பாரும் உளர். இக்கவலை ஆசிரியராகிய எமக்கும் இல்லாததன்று. ஆயின் வீண்பொழுதுக்குரிய இணையம் கைத்தொலைபேசி வழியாக ஏற்கனவே ஊருக்குள் வந்துவிட்டது. வராதிருப்பது கற்பதற்கும் தொழில் செய்வதற்கும் உரிய நிலையான இணைப்பே. நூல்நிலையத்தில், நூலகரின் பார்வையில், ஒத்த வயதினரோடு அமர்ந்து பயிலும் வாய்ப்பு இக்கவலைக்கு ஒரு மருந்துமாகும்.

இவற்றினும் வலிமையான தடை ஒன்றுண்டு. உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்தபின், 2025 மே 6 ஆம் நாள் தேர்தல் நடைபெறும்வரை, இரண்டாண்டுகளுக்கு மேலாக அவை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினரின்றி அலுவலர் பொறுப்பிலேயே இருந்தன. இத்தகைய நிலையற்ற மன்றத்தை நம்பி இருபதாண்டுப் பணியைத் தொடங்குதல் எங்ஙனம்? இவ்வினா நியாயமானது. ஆதலாலேயே நாளும் பேணவேண்டிய சேவையை அன்றி, ஒருமுறை பதித்தால் நெடுங்காலம் நிற்கும் குழாயையும், எந்த ஆட்சியிலும் மூடப்படாத நூல்நிலையத்தையும் சபையின் பங்காக வகுத்தோம். மேலும், ஒரே வாய்க்காலைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துமாயின், ஒன்று தவறினும் மற்றொன்று தாங்கும். ஊரவரின் செய்திப்போக்கு முழுவதும் ஓர் அதிகாரத்தின் கையில் அடங்குதலும் நிகழாது.

குளம் கட்டியவர் பெயர் மறைந்தாலும் குளம் பயன்படுகின்றது. கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் பெயரோடு இணைத்துப் பேசும் மாவட்டம் எமது. அந்நாளில் நீர் எவ்வாறு கடைமடைவரை செல்லவேண்டியதாயிற்றோ, அவ்வாறே இந்நாளில் அறிவும் செல்லவேண்டியதாயிற்று. அடுத்த வரவு செலவுத் திட்டத்தைச் சபையோர் ஆக்கும்போது, புதிய வீதி ஒவ்வொன்றின் மதிப்பீட்டிலும் ஒரு குழாய்க்குரிய தொகையைச் சேர்த்தார்களா என ஊரவரும், பழைய மாணவரும், ஆசிரியரும் கேட்பார்களாக. கேள்வி சிறியது, செலவும் ஒப்பளவிற் சிறியது. அதனாற் பயன்பெறுவோர் இன்று எம் கீழ்வகுப்புகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள்.